குரோமோஃபோப் கிட்னி கேன்சர்: பரவுமா என்பதை ரிப்போர்ட்டில் எங்கே தேடுவது

என் அக்காவின் வலது சிறுநீரகத்தில் 8 செ.மீ. கட்டி இருப்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த அல்ட்ராசவுண்டில் கண்ணில் பட்டது. ஆபரேஷன் முடிந்து எட்டு நாள் கழித்து பத்தாலஜி ரிப்போர்ட் கைக்கு வந்தபோது, அதில் 'குரோமோஃபோப் ரீனல் செல் கார்சினோமா' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'கிரேடு 3' என்று இன்னொரு வரி. முதல் வரி எங்களுக்குப் புரியவில்லை. இரண்டாவது வரி புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம், நாலில் மூணு என்றால் மோசம்தானே? இரண்டு வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அப்புறம், சிறுநீரகக் கட்டிகளையே பெரும்பாலும் பார்க்கும் ஒரு பத்தாலஜிஸ்டிடம் ஸ்லைடுகளைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னது: "இந்த வகைக்கு கிரேடே போடக் கூடாதும்மா. அந்த நம்பரை மறந்துடுங்க. நான் தேடுறது வேற."

அவர் என்னென்ன தேடினார், ஒவ்வொன்றையும் ஏன் தேடினார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த முடிவும் எடுக்க வேண்டாம், ஆனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது எந்த வரியைக் காட்டி எந்தக் கேள்வி கேட்பது என்று தெரிந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

பெயரை முதலில் உறுதி செய்யுங்கள்

கிட்னி கேன்சர் என்பது ஒரே நோய் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பத்தில் ஏழு எட்டு பேருக்கு வருவது கிளியர் செல் என்கிற வகை. இணையத்தில் நீங்கள் படிக்கும் எண்கள், மருந்துகள், 'இத்தனை ஆண்டு' கணக்குகள் எல்லாம் அனேகமாக அதற்கானவை. குரோமோஃபோப் என்பது நூற்றில் ஐந்து பேர் அளவுக்குத்தான் வரும். 1985-ல்தான் ஜெர்மனியில் தோனஸ் என்ற பத்தாலஜிஸ்டும் அவர் குழுவினரும் இதை மனிதர்களிடம் தனி வகையாக அடையாளம் காட்டினார்கள். அதற்கு முன்னால் இதுவும் மற்றவற்றோடு கலந்தே எண்ணப்பட்டது.

குரோமோஃபோப் என்றால் சாயத்துக்கு அஞ்சுவது என்று பொருள். வழக்கமாகப் போடும் சாயத்தை இந்த செல்கள் சரியாக ஏற்றுக்கொள்ளாது, வெளிறித் தெரியும். மைக்ராஸ்கோப்பில் அந்த டாக்டர் எங்களையும் பார்க்கச் சொன்னார். பள்ளியில் வெங்காயத் தோலை வைத்துப் பார்ப்போமே, அதே மாதிரி ஒவ்வொரு செல்லுக்கும் தடித்த வரப்பு போட்டதுபோல எல்லை, நடுவில் உலர்திராட்சை போல சுருங்கிக் கோணலான கரு, கருவைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். பார்த்த பிறகுதான் கிரேடு விஷயம் விளங்கியது. ஃபர்மன் கிரேடு என்பது 1982-ல் வந்தது, கரு எவ்வளவு பெரிது, எவ்வளவு கோணல் என்பதை வைத்துப் போடும் எண். குரோமோஃபோப்பில் கரு இயல்பாகவே கோணல்தான், சாதுவான கட்டியாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதனால் அந்த அளவுகோலை இதில் வைத்தால் பாவம் ஒன்றும் செய்யாத கட்டிகூட கிரேடு 3 வாங்கிவிடும். அதற்குப் பின்னால் வந்த ஐஎஸ்யூபி கிரேடும் கிளியர் செல், பாப்பிலரி வகைகளுக்குத்தான், இதற்குப் பொருந்தாது என்று வழிகாட்டுதல்களிலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் குரோமோஃபோப் என்று எழுதி பக்கத்திலேயே கிரேடும் போட்டிருந்தால், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்று, இந்த வகையை அதிகம் பார்க்காதவர் எழுதிய ரிப்போர்ட்டாக இருக்கலாம் என்பதற்கு அது ஒரு சாடை. ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் (கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்திருப்பவை) வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் காட்டுவது நல்லது. அவற்றைக் கேட்டால் கொடுக்க வேண்டும், கேட்கத் தயங்காதீர்கள்.

பெயரில் குழப்பம் வரக்கூடிய இன்னொரு இடம் ஆன்கோசைட்டோமா. அது கேன்சரே இல்லை, ஆனால் குரோமோஃபோப்பின் ஈயோசினோஃபிலிக் என்ற ஒரு ரகம் பார்க்க அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும். ஊசி பயாப்ஸியில் வரும் நூல் போன்ற துண்டை வைத்து இரண்டையும் பிரிப்பது சில சமயம் முடியாமல் போகும். சிகே7 என்ற பரிசோதனை குரோமோஃபோப்பில் பெரும்பாலும் பரவலாக பாசிட்டிவ், ஆன்கோசைட்டோமாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செல்கள் நிறம் பிடிக்கும். ரிப்போர்ட்டில் 'ஐஎச்சி' (செல்லில் உள்ள புரதங்களை நிறம் ஏற்றிப் பார்க்கும் பரிசோதனை) என்ற தலைப்பின் கீழ் சிகே7, சிடி117 இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

'அரிய வகை' என்ற சொல்லை வைத்து எதையும் கணிக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரீனல் மெடுல்லரி கார்சினோமாவும் அரிதுதான். அது சிக்கிள் செல் மரபு உள்ள இளைஞர்களுக்கு வருவது, கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் பரவியிருக்கும். எஃப்எச் என்ற மரபணு கெட்டுப்போவதால் வரும் வகையும் அரிதுதான், அதில் கட்டி 2 செ.மீ. இருந்தாலே பரவக்கூடும், காத்திருக்கவே கூடாது. குரோமோஃபோப்போ 10 செ.மீ. வளர்ந்த பிறகும் சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு கிட்னி கேன்சர் வந்து என்ன ஆனது என்ற கதை உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது.

கட்டி எங்கே வரை போயிருக்கிறது

ரிப்போர்ட்டில் டிஎன்எம் என்று ஒரு வரி இருக்கும்: டி என்பது கட்டி, என் என்பது நிணநீர் கணு, எம் என்பது வேறு உறுப்புகளுக்குப் பரவியது. டி-க்குப் பக்கத்தில் உள்ள எண் கட்டியின் அளவையும் அது எதைத் தாண்டியது என்பதையும் சொல்கிறது. 4 செ.மீ. வரை டி1ஏ, 7 வரை டி1பி, 10 வரை டி2ஏ, அதற்கும் மேலே டி2பி. இதெல்லாம் சிறுநீரகத்துக்குள்ளேயே இருப்பவை. டி3ஏ என்றால் கட்டி வெளிக் கொழுப்பையோ, சிறுநீரகத்தின் உள்குழியில் இருக்கும் சைனஸ் கொழுப்பையோ, சிறுநீர் சேரும் உள்பையையோ, சிறுநீரக ரத்த நாளத்தையோ தொட்டுவிட்டது. பெரிய ரத்த நாளமான வீனா கேவாவுக்குள் போனால் டி3பி அல்லது டி3சி. சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் ஜெரோட்டா உறையையே தாண்டினால் டி4.

இதில் அளவு முக்கியம்தான். 7 செ.மீ-க்கு மேல் போகப்போக பரவும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் குரோமோஃபோப் கட்டிகள் கண்ணில் படும்போதே பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும், அவற்றில் பெரும்பான்மை பரவுவதும் இல்லை. எனவே எட்டு, ஒன்பது என்று எண்ணைக் கேட்டவுடன் இடிந்து போகாமல் கொழுப்பைத் தொட்டிருக்கிறதா என்ற வரிக்குப் போங்கள். 2018-ல் லிபோவிச் என்ற மருத்துவர் தலைமையில் வந்த கணிப்பு முறையில், குரோமோஃபோப்புக்கு என்று தனியாக எடுத்துக்கொண்டது மூன்றே விஷயங்கள்: கொழுப்புக்குள் ஊடுருவல், சார்கோமடாய்டு மாற்றம், நிணநீர் கணுவில் நோய். அளவு அந்த மூன்றில் இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது, உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

சைனஸ் கொழுப்பு பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தை அவரை விதை மாதிரி நினைத்துக்கொண்டால், உள்ளே வளைந்த பள்ளத்தில்தான் நாளங்கள் நுழையும், அங்கே மெத்தென்று கொழுப்பு நிறைந்திருக்கும். சிறுநீரகத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு உறை உண்டு, உள்பக்கம் கட்டிக்கும் இந்தக் கொழுப்புக்கும் நடுவில் அப்படி ஒரு சுவர் கிடையாது, நாளங்களோ அங்கே நிறைய. கட்டி வெளியேறுவதற்கு சுலபமான வாசல் அதுதான். ஆனால் அறுத்தெடுத்த சிறுநீரகத்தில் அந்த இடத்திலிருந்து போதிய துண்டுகள் எடுத்துப் பார்க்காவிட்டால் டி3ஏ என்பது டி2 ஆகவே ரிப்போர்ட்டில் வந்துவிடும். 'சைனஸ் கொழுப்பில் ஊடுருவல் இல்லை' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, அல்லது அதைப் பற்றிப் பேச்சே இல்லையா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. பேச்சே இல்லை என்றால், "டாக்டர், சைனஸ் பக்கத்தில் எத்தனை துண்டு எடுத்துப் பார்த்தாங்க?" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் கேட்டபோது, பத்தாலஜி பிரிவிலேயே வைத்திருந்த சிறுநீரகத்திலிருந்து இன்னும் சில துண்டுகள் எடுத்துப் பார்த்து, கூடுதலாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அறுத்தெடுத்த உறுப்பை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் ரிப்போர்ட் வந்த வாரமே இதைக் கேட்டுவிட வேண்டும்.

சார்கோமடாய்டு என்ற சொல்

மொத்த ரிப்போர்ட்டிலும் ஒரே ஒரு சொல்லைத்தான் தேட நேரம் இருக்கிறது என்றால், இதைத் தேடுங்கள். குரோமோஃபோப் செல்கள் சில இடங்களில் தம் வடிவத்தை இழந்து கதிர்போல நீண்டு, சதைக் கட்டியின் செல் மாதிரி ஆகிவிடுவதுண்டு. அதைத்தான் சார்கோமடாய்டு மாற்றம் என்கிறார்கள். இது வந்துவிட்டால் சாதுவாக இருந்த கட்டி வேறு கட்டியாகிவிடுகிறது. பரவுகிறவர்களில் கணிசமானவர்களிடம் இது இருக்கும், பரவிய பிறகு நோய் வேகமாகப் போவதற்கும் இதுதான் பெரிய காரணம்.

சார்கோமடாய்டு சிறு புள்ளியாக ஒரு மூலையில் இருந்தாலும் கணக்கில் வரும், குறைந்தபட்சம் இத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. அதனால்தான் கட்டியிலிருந்து எத்தனை துண்டு எடுத்தார்கள் என்பது முக்கியமாகிறது. பொதுவாக 1 செ.மீ. கட்டிக்கு 1 துண்டு என்பது பத்தாலஜிஸ்டுகளின் நடைமுறை. 8 செ.மீ. கட்டியில் மூன்றே மூன்று துண்டு எடுத்திருந்தால், 'சார்கோமடாய்டு இல்லை' என்ற வரியை முழுசாக நம்பிவிட முடியாது. ரிப்போர்ட்டின் கடைசியில் 'கிராஸ்' என்ற பகுதியில் ஏ1, ஏ2 என்று துண்டுகளின் பட்டியல் இருக்கும், எண்ணிப் பாருங்கள். கட்டியை வெட்டும்போது வெளிர்ப் பழுப்பாக ஒரே சீராக இருந்ததா, வெள்ளையாக இறுகிய பகுதி எங்காவது தெரிந்ததா என்றும் அதே பகுதியில் எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு வெள்ளைப் பகுதி எழுதப்பட்டிருந்தால், அந்த இடத்திலிருந்து துண்டு எடுத்தார்களா என்று கேட்க வேண்டும்.

இருக்கிறது என்று எழுதியிருந்தால்? எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். கூடவே, மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் (கேன்சருக்கு மருந்து சிகிச்சை கொடுப்பவர்) ஒருவரை உடனே பாருங்கள், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

நெக்ரோசிஸ் என்பது கட்டிக்குள் செல்கள் செத்துக் கிடக்கும் பகுதி. வேகமாக வளரும் கட்டிக்கு ரத்தம் பற்றாமல் போகும்போது இது நடக்கும், ஆகவே இது கட்டியின் வேகத்துக்கு ஒரு தடயம். மைக்ராஸ்கோப்பில் தெரியும் நெக்ரோசிஸுக்குத்தான் மதிப்பு. ஆபரேஷனுக்கு முன் ரத்தக்குழாயை அடைத்திருந்தால் (எம்போலைசேஷன் என்பார்கள்) அதனாலும் செல்கள் செத்திருக்கும், அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அடுத்தது, நுண்ணிய ரத்தக்குழாய்க்குள் கட்டி செல்கள் இருக்கிறதா என்ற வரி, 'எல்விஐ' என்று சுருக்கமாக இருக்கும். இந்த இரண்டும் சார்கோமடாய்டு அளவுக்குக் கனமானவை இல்லை. ஆனால் பெரிய கட்டி, நெக்ரோசிஸ், எல்விஐ மூன்றும் ஒன்றாக வந்தால் ஸ்கேன்களை நெருக்கமாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசுங்கள்.

மார்ஜின் என்பது வெட்டிய விளிம்பில் கட்டி செல்கள் மிச்சம் இருக்கிறதா என்பது. சிறுநீரகத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்கள் இதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

என்எக்ஸ் என்பதை என்0 என்று படித்துவிடாதீர்கள்

இந்தத் தப்பை நாங்களே செய்தோம். என்0 என்றால் நிணநீர் கணுக்களை எடுத்துப் பார்த்தார்கள், அதில் நோய் இல்லை. என்எக்ஸ் என்றால் கணுக்களை எடுக்கவே இல்லை. சிறுநீரக ஆபரேஷனில் கணுக்கள் வீங்கித் தெரிந்தால் ஒழிய எடுக்காமல் விடுவதுதான் சாதாரண நடைமுறை, அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் என்எக்ஸ் என்றிருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன் எடுத்த சிடி-யில் கணுக்களைப் பற்றி ரேடியாலஜிஸ்ட் என்ன எழுதினார் என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும், பத்தாலஜியில் இல்லாத பதில் அங்கேதான் இருக்கிறது. கணுவில் நோய் உறுதியானால் கட்டி சிறிதாக இருந்தாலும் ஸ்டேஜ் 3 ஆகிவிடும்.

பரவினால் எங்கே, எப்போது

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும்போது எடுத்துவிட்ட குரோமோஃபோப்பில், ஐந்து ஆண்டு கழித்து இந்த நோயால் இறக்காமல் இருப்பவர்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல். கண்டுபிடிக்கும்போதே பரவியிருப்பது நூற்றில் சில பேருக்குத்தான்.

பரவினால் நுரையீரல், நிணநீர் கணு, எலும்பு, கல்லீரல். இதில் கல்லீரலை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கிளியர் செல் வகையைவிட குரோமோஃபோப் கல்லீரலை அதிகம் நாடுகிறது. தொடர் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரேயும் வயிற்று அல்ட்ராசவுண்டும் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், உங்கள் ரிப்போர்ட்டில் மேலே சொன்ன தடயங்கள் எதுவும் இருந்தால், கல்லீரலைத் தெளிவாகக் காட்டும் சிடி அல்லது எம்ஆர்ஐ வேண்டாமா என்று கேளுங்கள். ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சிடி-க்கும் முன்னால் கிரியாட்டினின் பார்த்து, காண்ட்ராஸ்ட் மருந்து போடலாமா என்று முடிவு செய்வார்கள். அதற்கு முந்தைய நாட்களில் வலி மாத்திரை, அதிலும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் போன்றவை வேண்டாம்.

எப்போது என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் சங்கடமானது. கிளியர் செல் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பும். குரோமோஃபோப் மெதுவானது, ஐந்து ஆண்டு தாண்டியும் திரும்பியவர்கள் உண்டு. 'ஐந்து வருஷம் ஆச்சு, இனி வர வேண்டாம்' என்று அனுப்பினால் சரி என்று கிளம்பிவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதிலும் கட்டி பெரிதாக இருந்தவர்கள்.

கத்தி பட்டால் பரவும், ஊசி குத்தினால் பரவும் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எங்கள் அம்மாவும் இதைச் சொல்லித்தான் ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொன்னார். மெல்லிய குழாய் ஒன்றை உறைபோல வைத்து அதற்குள் ஊசியைச் செலுத்தி எடுக்கும் இப்போதைய பயாப்ஸியில் ஊசி வழியே செல்கள் சிந்துவது மிக மிக அரிது. ஆபரேஷன் முடிந்த பின் பரவியது தெரிந்தவர்களுக்கு, அனேகமாக அதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத அளவில் செல்கள் வெளியேறியிருக்கும். அந்தப் பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து.

உடம்பு என்ன சொல்கிறது, ரத்தம் என்ன சொல்கிறது

சிறுநீரில் ரத்தம், விலாப்பக்க வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்ற மூன்றும் சேர்ந்து வருவது இப்போது அரிது, பத்தில் ஒருவருக்கும் குறைவு. அப்படி அறிகுறிகளோடு வந்தவர்களின் கட்டி, தற்செயலாகத் தெரிந்தவர்களின் கட்டியைவிடப் பொதுவாக முற்றியதாக இருக்கும். அதைவிட நான் கவனிக்கச் சொல்வது காரணமில்லாமல் எடை குறைவது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் மட்டும் குடையும் ஒரே இடத்து எலும்பு வலி. எலும்பு வலி இருந்தாலோ, ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி கூடியிருந்தாலோ எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு அது வழக்கமாகத் தேவைப்படாது.

ஏற்கெனவே பரவிவிட்டவர்களுக்கு ஐஎம்டிசி என்ற ஒரு கணக்கு உண்டு, 2009-ல் வந்தது. ஆறு விஷயங்கள்: அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைந்திருப்பது, நோய் கண்டுபிடித்து ஓராண்டுக்குள்ளேயே மருந்து தொடங்க வேண்டிவந்தது, ஹீமோகுளோபின் குறைவு, கால்சியம் அதிகம், நியூட்ரோஃபில் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) அதிகம், பிளேட்லெட் அதிகம். ஒன்றும் இல்லை என்றால் சாதகமான பிரிவு, ஒன்று இரண்டு இருந்தால் நடுத்தரம், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கடினமான பிரிவு. பார்த்தீர்களா, இதில் நான்கு விஷயம் சாதாரண ரத்தப் பரிசோதனையில் வருபவை. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்கிறார்கள். குரோமோஃபோப் கட்டிகளில் 1, 2, 6, 10, 13, 17, 21 ஆகிய குரோமோசோம்களில் ஒரு நகல் காணாமல் போயிருப்பது இதன் தனி அடையாளம், அதனால் மட்டும் பரவுவதில்லை. 2014-ல் 66 கட்டிகளை ஆராய்ந்த பெரிய மரபணுத் திட்டத்தில் டிபி53 என்ற மரபணு ஏறத்தாழ மூன்றில் ஒரு கட்டியில் கெட்டிருந்தது, பிடென் என்பது 9 விழுக்காட்டில். பரவிய நோயாளிகளிடம் இந்த இரண்டும் கூடுதலாகக் காணப்படுகின்றன. சிறிய, தடயம் எதுவும் இல்லாத கட்டிக்கு இந்தச் சோதனைக்காக அலைய வேண்டாம். பரவியவர்களுக்கும் சார்கோமடாய்டு இருப்பவர்களுக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

குடும்பத்துக்கு ஒரு பார்வை

இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி, அல்லது ஒன்றிலேயே பல கட்டிகள், அல்லது சின்ன வயதிலேயே வந்தது என்றால் பர்ட்-ஹாக்-டூபே நோய்க்குறியை நினைக்க வேண்டும். 1977-ல் கனடாவைச் சேர்ந்த மூன்று மருத்துவர்கள் விவரித்ததால் அந்தப் பெயர். முகத்திலும் கழுத்திலும் வலிக்காத சிறு சிறு வெள்ளைப் பருக்கள், நுரையீரலில் நீர்க்கட்டி போன்ற காற்றுப் பைகள், வீட்டில் யாருக்காவது திடீரென்று நுரையீரல் காற்றிறங்கி மருத்துவமனைக்கு ஓடிய கதை, இவைதான் துப்பு. ஃபாலிகுலின் மரபணுவைச் சோதித்தால் தெரிந்துவிடும். இவர்களுக்கு பெரிய கட்டி 3 செ.மீ. தொடும்வரை காத்திருந்து, சிறுநீரகத்தைக் காப்பாற்றி கட்டியை மட்டும் எடுப்பதுதான் வழக்கம், ஏனென்றால் திரும்பத் திரும்ப வரக்கூடும்.

மருந்து விஷயத்தில் ஏமாறாமல் இருக்க

கிளியர் செல் உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் ஓராண்டு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து கொடுப்பது இப்போது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு அடிப்படையான கீநோட்-564 ஆய்வில் கிளியர் செல் பகுதி உள்ளவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். 'எல்லோருக்கும் போடுகிறார்களே, நமக்கு ஏன் போடவில்லை' என்று நான் சண்டைக்கே போனேன், அந்த டாக்டரிடம் இன்றும் எனக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. குரோமோஃபோப்புக்கு அந்த ஆய்வின் முடிவு பொருந்தாது.

பரவியவர்களுக்கு லென்வாட்டினிப்-பெம்ப்ரோலிசுமாப் சேர்க்கையை கிளியர் செல் அல்லாத வகைகளில் சோதித்த கீநோட்-பி61 ஆய்வில், மொத்தம் 158 பேரில் 49 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. அதில் குரோமோஃபோப் உள்ளவர்களை மட்டும் பார்த்தால் 28 விழுக்காடு. குரோமோஃபோப், நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு மற்ற வகைகள் அளவு மசிவதில்லை என்பது இதில் தெரிகிறது. லென்வாட்டினிப்போடு எவரோலிமஸ், கபோசாண்டினிப் போன்ற வழிகளும் இருக்கின்றன. எதை எடுப்பது என்று பேசும்போது "இந்த எண் குரோமோஃபோப்புக்கா, எல்லா வகைக்கும் சேர்த்தா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பேச்சின் தரமே மாறிவிடும், நானே பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பரவி மெதுவாகப் போகிறது என்றால் அவற்றை வெட்டியெடுப்பதும் ஒரு வழிதான், அதையும் விசாரியுங்கள்.

கடைசியாக ஸ்கேன் நாளுக்கு ஒரு வேலை. பழைய சிடி-யின் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் உள்ள டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஆபரேஷனுக்கு முன் எடுத்ததையும் சேர்த்து. மூன்றாவது ஆண்டு ஸ்கேனில் அக்காவின் கல்லீரலில் 6 மி.மீ. புள்ளி ஒன்று இருப்பதாக எழுதியிருந்தார்கள். வெளியே நாற்காலியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், உள்ளங்கை ஈரமாக இருந்தது. உள்ளே ரேடியாலஜிஸ்ட் பழைய டிஸ்க்கைப் போட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுட்டியால் ஒரு இடத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். அதே புள்ளி, அதே இடம், அதே 6 மி.மீ., ஆபரேஷனுக்கு முன்பிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. சாதாரண நீர்க்கொப்புளம்.